சாயங்காலத்து வானமும் சரோஜம்மா சுவரும்

வானத்துல சுத்திக்கினு இருக்கற செயற்கைக்கோளை எல்லாம் ஒத்தக் கையால புடிச்சு இந்தக் காஞ்சிபுரத்து மண்ணுல நிறுத்தி வெச்சவன் நான். பொய்தான். நான் புடிச்சது கோலு. கோலோட உச்சியில தொப்பி மாதிரி ஒரு மிஷின் இருக்கும், செயற்கைக்கோளைப் புடிச்சது அது. நான் மிஷினுக்கு முட்டுக்கட்டை. மத்த முட்டுக்கட்டைக்கு டீ வாங்கிக் குடுக்க வேணாம், எனக்கு வாங்கிக் குடுக்கணும், அவ்ளோதான் வித்தியாசம்.

கம்பெனி மலர்ல ரிட்டையர் ஆனவங்க அனுபவத்தைப் போடறாங்களாம், என்னையும் கேட்டாங்க. எனக்கு எழுத வராது. பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்கு ஒதுங்கினேன், மழை விட்டதும் அனுப்பிட்டாங்க. அதனால போன்ல பேசிக்கினு இருக்கறேன். கேட்டு எழுதறவங்க என் பேச்சைத் திருத்தாதீங்கப்பா. திருத்தினா ஒண்ணும் மிஞ்சாது.

சர்வேக்குப் புது மிஷின் வந்திருக்குதாம். பழசை விட உஷாராம். வேலை முடிஞ்சதும் ஒரு கல்லு மேல போய் நின்னு சரி பாக்கறோமே, அது இனிமே எதுக்குன்னு பசங்க கேக்கறாங்களாம். மிஷினைப் பத்திப் பேச எனக்கு வாய் கிடையாது. அந்தக் கல்லைப் பத்தி ஒரு சேதி இருக்குது, அதைச் சொல்றேன்.

நான் வேலைக்கு வந்தப்ப இரும்புச் சங்கிலி. ஒரு முனையை இஸ்துக்கினு நான் ஓடுவேன், இன்னொரு முனை சர்வேயர் கையில. நாயைக் கூட்டிக்கினு போற மாதிரி இருக்கும், எது நாய்னு கேக்காதீங்க. அப்பால டேப்பு. அப்பால முக்காலி மேல வெச்ச மிஷின், எதிர்ல நான் கோலுல ஒரு கண்ணாடியை மாட்டிக்கினு நிப்பேன். கடைசியா இந்த செயற்கைக்கோள் மிஷின். ஒவ்வொரு தடவையும் சாமான் மாறிச்சு, சர்வேயருங்க ஊர் ஊராப் போய்ப் படிச்சிட்டு வந்தாங்க. எனக்கு மட்டும் படிப்பே மாறல. நேரா நில்லு. அதான் என் படிப்பு, அதான் என் பட்டம்.

நேரா நிக்கறதுன்னா சும்மா இல்ல. கோலோட பாதி உயரத்துல வட்டமா ஒரு கண்ணாடிச் சிமிழ், அதுக்குள்ள தண்ணியில ஒரு காத்து முட்டை. அந்த முட்டை வட்டத்துக்கு நடுவுல அசையாம நிக்கணும். கோல் சாஞ்சா முட்டை ஓடும். முட்டை ஓடினா கணக்கு ஓடும். மூச்சு விடலாம், பேச்சு விடக் கூடாது. எனக்குப் பேசாம இருக்கறதுதான் கஷ்டம். அதுக்குத்தான் எனக்குச் சம்பளமே குடுத்தாங்கன்னு நெனைக்கறேன்.

என் சர்வேயரு நேமிராஜ் சாரு. நம்ம சுத்துப்பட்டு கிராமத்து நயினார் வீட்டுப் பிள்ளை, அதான் சமணருங்க. ஒல்லியா, கழுத்து வரைக்கும் பட்டன் போட்டுக்கினு இருப்பாரு. கொரலு ஒசந்து நான் கேட்டதே இல்ல. கோவம் வந்தா மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் தொடைப்பாரு. ரொம்பக் கோவம்னா ரெண்டு தடவை தொடைப்பாரு. கம்பெனியில என்னை "ஏழுமலை, வாங்க"ன்னு கூப்ட்ட ஒரே ஆளு. மொத நாளு எனக்குப் பின்னாடி யாரோ பெரிய மனுஷன் நிக்கறாருன்னு திரும்பிப் பாத்தேன்.

சாருக்கு ரெண்டு சட்டம். ஒண்ணு கல்லு. எந்த வேலைக்குப் போனாலும் அந்தப் பக்கத்துல எடம் துல்லியமாத் தெரிஞ்ச ஒரு சர்வே கல்லைத் தேடிப் புடிப்பாரு. வேலை ஆரம்பிக்கும்போது நான் கோலை அது மேல வெச்சிக்கினு நிக்கணும். மிஷின் சொல்றதும் கல்லோட கணக்கும் ஒத்துப் போவணும். வேலை முடிஞ்சதும் திரும்பிப் போய் அதே கல்லு மேல மறுபடி நிக்கணும். எவ்ளோ தூரம் வந்திருந்தாலும் போவணும். "போகும்போது வாசலைப் பூட்டறோம்ல ஏழுமலை, அந்த மாதிரி" அப்படிம்பாரு. நான் வீட்டைப் பூட்டறதே இல்ல, உள்ள ஒண்ணும் இல்ல. அதைச் சொல்லல.

இன்னொண்ணு சாப்பாடு. பொழுது சாயறதுக்குள்ள சாரு சாப்ட்டுடணும். சாஞ்சிட்டா அப்பால விடிஞ்சாத்தான் சோறு. அவங்க குலத்து வழக்கம். அதனால வெயில் மஞ்சளாகும்போதே எங்க டீம்ல மூட்டை கட்டிடுவோம். மத்த டீமுங்க வெயில் தாழ்ந்ததும் சுறுசுறுப்பா அளக்கும், நாங்க ஏதாவது மரத்தடியில சாரு டப்பாவைத் தொறக்கறதைப் பாத்துக்கினு இருப்போம். சாரோட செயற்கைக்கோளும் நயினாருதான்பா, பொழுது சாஞ்சா வாயைத் தொறக்காதுன்னு நான் கிண்டல் பண்ணுவேன். சாரு சிரிக்க மாட்டாரு. கண்ணாடியையும் தொடைக்க மாட்டாரு. அதனால பிடிச்சிருக்குதுன்னு நானே வெச்சிக்கிட்டேன்.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஓரிக்கை போற பக்கம் ஒரு கால்வாய். பழைய சர்வே படத்துல அகலமா இருக்குது, நெலத்துல ஓடையா சுருங்கிப் போச்சு. மழை வந்தா தண்ணி போவ எடமில்லாம தெருவுக்குள்ள வந்துடுது. படத்துல இருக்கற அகலத்துக்குத் திரும்ப வெட்டணும்னு உத்தரவு. கால்வாயோட ரெண்டு கோடும் எங்க போவுதுன்னு கண்டுபுடிச்சு, உள்ள வர்ற கட்டடத்து மேல சேப்பு பெயிண்ட்ல குறி போட்டுக் குடுக்கறது எங்க வேலை. மறுநா காலையில பொக்லைன் வரும்.

அது பங்குனி மாசம். பெரிய காஞ்சிபுரத்துல உற்சவம். எங்க வண்டி ராஜவீதியில சாமிக்குப் பின்னாடி மாட்டிக்கிச்சு. சாமியும் நகரல, நாங்களும் நகரல. போய்ச் சேர்றதுக்குள்ள மத்தியானம் தாண்டிப் போச்சு. கல்லுகிட்ட, அதாவது பழைய மதகுக்குப் பக்கத்துல இருந்த சர்வே கல்லு, அது மேல நின்னு பாத்தோம், மிஷின் கரெக்டா சொல்லிச்சு. அளக்க ஆரம்பிச்சோம். கோடு முழுக்க வந்துட்டோம், ஒரு திருப்பம் மட்டும் பாக்கி. சாரு மேல பாத்தாரு. மூட்டை கட்டற நேரம்.

அந்நேரம் அதிகாரி போன் பண்ணாரு. இன்னிக்கு முடிச்சே ஆவணும், நாளைக்கு மிஷினுக்கும் ஆளுக்கும் சொல்லியாச்சுன்னாரு. சாரு போனை வெச்சாரு. அப்பால சாப்பாட்டு டப்பாவை என் கையில குடுத்தாரு. "நீங்க சாப்டுங்க ஏழுமலை, இனிமே எனக்கு வேணாம்." தயிர்சாதம், மாவடு. சாரு திருப்பத்துல கணக்கு பாத்துக்கினு இருக்கும்போதே அதைச் சாப்டுட்டு கோலைத் தூக்கினேன்.

அந்தத் திருப்பத்துல கால்வாய்க்கு இந்தக் கரையில ஒரு வீடு, அந்தக் கரையில ஒரு வீடு. நடுவுல ஒரு பலகை, அதான் பாலம்.

இந்தக் கரை வீடு கௌஸ் பாயுது. தையல் மிஷின் ரிப்பேர் பண்றவரு. வீட்டுப் பின்கட்டுல ஒரு ரூமு. பிரசவத்துக்கு வந்த பொண்ணும் கைக்கொழந்தையும் அதுலதான் இருந்துதுங்க. அந்தக் கரை வீடு சரோஜம்மாவுது. வீட்ல தெலுங்கு பேசுவாங்க, வெளிய வந்தா நம்மளை விட நல்லாத் தமிழ் பேசும். புருஷனுக்கு வெளியூர் மில்லுல வேலை. கால்வாய் பக்கமா இறக்கி ஒரு தறிக்கொட்டாய். அதுல ஒரு குழித்தறி. தறியில கல்யாணப் புடவை பாதியில நிக்குது, அரக்கும் ஜரிகையும்.

ரெண்டு பேருக்கும் தெரியும், கால்வாய் அகலமாவணும்னா யாரோ ஒருத்தர் சுவரு போவும்னு. ரெண்டு பேரும் அவங்கவங்க வாசல்ல நின்னுக்கினு என் கோலைப் பாத்துக்கினு இருந்தாங்க. நான் என்னமோ பெரிய நீதிபதி மாதிரி கோலை நட்டுக்கினு நின்னேன்.

சாரு கையில ஒரு பட்டை டப்பா, போன் மாதிரி. மிஷினுக்கு எடம் துல்லியமாத் தெரிஞ்சிட்டா அதுல பச்சை விளக்கு எரியும். பச்சைன்னா ஒரு வெரலு அகலத்துக்குள்ள சரி. மஞ்சள்னா இன்னும் தெரியல, காத்திருன்னு அர்த்தம். அன்னிக்கு என்ன ஆச்சுன்னா, பொழுது எறங்கி தெருவிளக்கு போட்டதும், பச்சை வந்துது, போச்சு, மஞ்சள் வந்துது, மறுபடி பச்சை. முட்டை நடுவுலதான் நிக்குது, நான் பாத்துக்கினுதான் இருக்கறேன். சிக்னல் சரியில்ல போல இருக்குதுன்னாரு சாரு. கொஞ்சம் காத்திருந்தோம். அப்பால பச்சை வந்து நின்னுக்கிச்சு. நல்லா நின்னுது. சாரு பதிவு பண்ணாரு.

கோடு கௌஸ் பாய் ரூமுக்குள்ள போச்சு. சரோஜம்மா கொட்டாய் தப்பிச்சிக்கிச்சு.

நான்தான் பெயிண்ட் அடிச்சேன். கௌஸ் பாய் கத்தல, கெஞ்சல. உள்ள கொழந்தை அழுதுக்கினு இருந்துது. அவரு குறிக்கிட்ட வந்து ஒரு வெரலால தொட்டுப் பாத்தாரு. வெரல்ல சேப்பு ஒட்டிக்கிச்சு.

"சாப், காயறதுக்குள்ள தொடைச்சிட்டா போயிடுமா இது?"

நான் பெயிண்ட் டப்பாவை மூடினேன்.

அந்தக் கரையில சரோஜம்மா உள்ள போய் ஒரு கிண்ணம் சர்க்கரை கொண்டாந்துது. பலகையில நடந்து வந்து எங்க கையில போட்டுச்சு. கௌஸ் பாய் வீட்டு வாசலைப் பாக்காம, தலையைக் குனிஞ்சிக்கினு போட்டுச்சு. சந்தோஷத்தை எங்க வெச்சிக்கறதுன்னு தெரியாத மூஞ்சி. சாரு சாப்பிட மாட்டாரே, கையில வாங்கி என் கையில போட்டாரு. ரெண்டு பங்கையும் நான் தின்னேன்.

சாரு கணக்கை அங்கேருந்தே அதிகாரிக்கு அனுப்பிட்டாரு. வேலை முடிஞ்சுது. எனக்கு டீக்கடை ஞாபகம். சாரு மதகுப் பக்கம் நடந்தாரு. மத்தியானத்துலேருந்து வயித்துல ஒண்ணும் இல்ல, தண்ணி கூட இல்ல. சார், கல்லு எங்கயும் ஓடிடாது, காலையில பாத்துக்கலாமேன்னு கேட்டேன். "கல்லு ஓடாது ஏழுமலை" அப்படின்னாரு. நடந்துக்கினே இருந்தாரு.

கல்லு மேல கோலை வெச்சேன். முட்டை நடுவுல. பச்சை வந்துது. சாரு டப்பாவைப் பாத்தாரு. மறுபடி பாத்தாரு. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. கல்லு இருக்கற எடத்துலேருந்து ரெண்டடிக்கு மேல தள்ளி இருக்குதுன்னு மிஷின் சொல்லுது. கோலை எடுக்கச் சொன்னாரு. மிஷினை அணைச்சுப் போட்டாரு. மறுபடி வெச்சேன். மறுபடி பச்சை. இந்தத் தடவை வேற பக்கமாத் தள்ளி இருக்குதாம். ரெண்டு தடவையும் பச்சை, ரெண்டு தடவையும் வேற வேற எடம். நான் நின்னது ஒரே கல்லு மேல.

சாரு மதகுச் சுவருல உக்காந்துட்டாரு. மேல பாத்தாரு, நானும் பாத்தேன். வானம் கழுவி விட்ட மாதிரி இருந்துது. ஒரு மேகம் இல்ல. நட்சத்திரம் எல்லாம் அதது எடத்துல. இதுல என்ன சார் கோளாறுன்னு கேட்டேன்.

அவரு சொன்னதை எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன், தப்பா இருந்தா என் தலை. செயற்கைக்கோள், சிக்னல் கெளம்பற நேரத்தை அதுலயே சொல்லி அனுப்புது. வந்து சேர எவ்ளோ நேரம் ஆச்சுன்னு பாத்து, எவ்ளோ தூரம்னு மிஷின் கணக்கு போடுது. வழியில மேகத்துக்கெல்லாம் மேல, ரொம்ப மேல ஒரு காத்து அடுக்கு. பகல்ல சூரியன் அடிக்கற அடியில அந்தக் காத்துல மின்சாரம் ஏறி நிக்குதாம். அதைத் தாண்டும்போது சிக்னல் கொஞ்சம் தாமசம் ஆவுது. அது தெனமும் நடக்கறதுதான், அதுக்கு வைத்தியம் இருக்குது. எங்கேயோ தூரத்து ஊர்ல ஒரு மாடி மேல இன்னொரு மிஷின் நகராம உக்காந்திருக்குது. அதுக்கு தான் இருக்கற எடம் தெரியும். அதனால வானம் எவ்ளோ தாமசம் பண்ணுதுன்னு அது கண்டுபுடிச்சு போன் வழியா நமக்குச் சொல்லும். நம்ம மிஷின் அதைக் கழிச்சிக்கும்.

"அதுவும் நாமளும் ஒரே வானத்தைப் பாத்தாத்தான் அந்தக் கணக்கு செல்லும். பொழுது சாஞ்சதும் அந்த அடுக்கு கீழேருந்து கலையுது. பொந்து பொந்தா கெளம்பி மேல ஏறுது. இப்ப அதுக்கு ஒரு வானம், நமக்கு ஒரு வானம்."

பொந்து வழியா வர்ற சிக்னல், அடுப்பு ஆவிக்கு அந்தப் பக்கம் தெரியற மூஞ்சி மாதிரி துடிக்குமாம். மிஷின் எண்ணிக்கை தவறிடுதாம். தவறினது தெரியாம தெம்பா பச்சையைப் போட்டுடுதாம். பூமியோட நடுக்கோட்டுக்குக் கிட்ட இருக்கற நம்ம மாதிரி ஊருலதான் இது ஜாஸ்தி. பங்குனி, ஐப்பசி பக்கம் ஜாஸ்தி. சூரியன் கொந்தளிக்கற வருஷத்துல இன்னும் ஜாஸ்தி. இதெல்லாம் தெரிஞ்சு வெச்சிக்கினு ஏன் சார்னு கேக்க வாயெடுத்தேன். அவரே சொன்னாரு.

"வகுப்புல படிச்சேன். கண்ணால பாத்ததில்ல. பொழுது சாஞ்சு நான் வேலை செஞ்சதே இல்லியே ஏழுமலை."

சாப்பாட்டுக்காக நிறுத்தினது எங்க வேலையை இத்தினி வருஷம் காப்பாத்தியிருக்குது, எங்க ரெண்டு பேருக்கும் தெரியாமலே. அதையா நான் இத்தினி நாளும் கிண்டல் பண்ணிக்கினு இருந்தேன்.

அதிகாரிக்குப் போன் போட்டாரு. ஸ்பீக்கர்ல போட்டுப் பேசினாரு, அதனால நானும் கேட்டேன். நான் அனுப்பின கணக்கு செல்லாது, நாளைக்கு வெட்ட ஆரம்பிக்காதீங்கன்னாரு. அந்தப் பக்கம் பச்சை வந்துதா இல்லியான்னு கேட்டாங்க. வந்துதுன்னாரு. அப்ப மிஷின் தப்பா, நீங்க தப்பான்னு கேட்டாங்க.

"மிஷின் சொன்னதைப் பாத்து இதுதான் கோடுன்னு சொன்னது நான். அதனால நான்."

எழுத்துல குடுங்கன்னாங்க. குடுக்கறேன்னாரு. அப்படி எழுதிக் குடுத்தா கம்பெனி என்ன பண்ணும்னு எனக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா. அடுத்த வருஷம் வந்த பெரிய வேலையை வேற ஆளுக்குக் குடுத்தாங்க. சாரு அதைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. அது அப்பால.

போன் வெச்சிட்டு எழுந்து நடந்தாரு, வண்டிப் பக்கம் இல்ல, வீடுங்க பக்கம். ரெண்டு வீட்லயும் சொல்லிட்டுத்தான் போவணும்னாரு. கௌஸ் பாய்கிட்ட, இந்தக் குறி சந்தேகம், காலையில மறுபடி அளக்கறேன், அது வரைக்கும் நம்பவும் வேணாம் பயப்படவும் வேணாம்னாரு. பாய் தலையை ஆட்டினாரு. வெரல்ல இருந்த சேப்பை இன்னும் கழுவல. பலகையைத் தாண்டிப் போய் சரோஜம்மாகிட்டயும் அதையே சொன்னாரு. யாருக்கு சந்தேகம்னு கேட்டுச்சு. எனக்குத்தான்மான்னாரு. சர்க்கரைக் கிண்ணம் தறி மேலயே இருந்துது.

காலையில வெயில் ஏறினப்புறம் ஆரம்பிச்சோம். சாரு விடிஞ்சதும் சாப்ட்டுட்டு வந்திருந்தாரு, நான் எதுவும் சாப்பிடல. கல்லுல வெச்சோம், கரெக்டா சொல்லிச்சு. திருப்பத்துக்கு வந்து அளந்தோம். திரும்பப் போய் கல்லுல வெச்சோம். கரெக்டு. கோடு நேத்து போட்டதுலேருந்து அந்தக் கரைப் பக்கமா நகர்ந்துடுச்சு. கௌஸ் பாய் ரூமுக்கு வெளிய ஒரு படிக்கட்டு மட்டும் உள்ள வருது. அந்தக் கரையில சரோஜம்மா கொட்டாயோட சுவரும், அதுக்கு உள்ள இருக்கற தறிக்குழியும் வருது.

கால்வாய் அகலம் அதேதான். ஒரு பக்கம் விட்டா இன்னொரு பக்கம் புடிக்கும். இதை நேத்து ராத்திரியே நான் யோசிச்சிருக்கணும். நான் கௌஸ் பாய் தப்பிச்சா போதும்னு மட்டும் வேண்டிக்கினு படுத்துட்டேன்.

சாரு பலகைப் பக்கம் திரும்பினாரு. மொதல்ல பாய்கிட்ட நல்ல சேதியைச் சொல்லிட்டுப் போலாமே சார்னு கேட்டேன். அப்படியாவது கொஞ்சம் தைரியம் வரும்னு பாத்தேன்.

"நல்ல சேதி காத்துக்கினு இருக்கும். அந்தம்மா இதை அடுத்த வீட்டுச் சிரிப்புலேருந்து தெரிஞ்சிக்கக் கூடாது."

சரோஜம்மா தறியில உக்காந்திருந்துது. கால் குழிக்குள்ள. சாரு வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள போனாரு, நான் கோலை வெளிய சாத்திட்டுப் போனேன். நின்னுக்கினு சொல்லல அவரு. தரையில உக்காந்தாரு, அந்தம்மா கண்ணு மட்டத்துக்கு. நேத்து சொன்னது தப்பு, உங்க சுவரு கோட்டுக்கு உள்ள வருது, அந்தத் தப்பு என்னுதுன்னு சொன்னாரு. சுத்தி வளைக்கல.

அந்தம்மா கையைத் தறியில இருந்து எடுக்கல.

"நேத்து பச்சை விளக்கு எரிஞ்சுதே. நானே பாத்தேன்."

"எரிஞ்சுதுமா. அது பொய்யி. தெரியாம சொல்லிட்டேன்."

"இன்னிக்கும் பச்சைதான எரியுது?"

இத்தினி வருஷ சர்வேயில அப்படி ஒரு கேள்வியை எவனும் கேட்டதில்ல. நான் கேட்டதில்ல. சாரு கண்ணாடியைக் கழட்டினாரு, தொடைக்கல, கையிலயே வெச்சிக்கினாரு. நியாயமான கேள்விம்மா, வாங்கன்னு எழுந்தாரு.

என்னை வண்டிக்கு அனுப்பி இரும்பு டேப்பைக் கொண்டாரச் சொன்னாரு. அது துருப்புடிச்சு மூலையில கெடந்துது. மிஷினை மூடி வண்டியில வெச்சாரு. இரும்புக்கு வானம் கிடையாதும்மா, இது நீங்களே பாக்கலாம்னாரு. மதகுக் கல்லுலேருந்து உங்க சுவரு வரைக்கும் படத்துல இவ்ளோ இருக்கணும்னு காட்டினாரு. திருப்பத்துக்குத் திருப்பம் ஆணி அடிச்சு, கயிறு கட்டி, மூலை மட்டம் பாத்து, சங்கிலி காலத்துல அளந்த மாதிரியே அளந்தாரு. நேத்து நெனைச்சிருந்தா இதைச் செஞ்சிருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. கால்வாய் முழுக்க இப்படி அளக்க முடியாது. ஒரு சுவருக்கே வெயில் உச்சிக்கு வந்துடுச்சு. டேப்போட அந்த முனை எப்பவும் என்னுது. அன்னிக்கு சாரு அதை என் கையிலேருந்து வாங்கி சரோஜம்மா கையில குடுத்தாரு.

அந்தம்மா கெட்டியாப் புடிச்சிது. நூலு புடிச்ச கை, ஒரு இழை தளரல. கடைசி ஆணியிலேருந்து இஸ்துக்கினு வந்து அதுவே கொட்டாய்க்குள்ள நடந்து வந்துது. டேப்பு முடிஞ்ச எடம் தறிக்குழி ஓரம். அங்கியே நின்னுக்கிச்சு. கால் கீழ பாத்துது. நிமிர்ந்து சாரைப் பாத்துது.

"என் கையாலயே என் சுவரைக் காட்டிக் குடுக்க வெச்சிட்டீங்களே சார்."

சாரு தலையைக் குனிஞ்சிக்கினாரு. நான் வெளிய வந்து கோலைப் புடிச்சிக்கினு நின்னேன். யாரும் நிக்கச் சொல்லல. எனக்கு வேற எதுவும் தெரியாது.

அந்தம்மா ஒண்ணு கேட்டுது, தறியில இருக்கற புடவை எறங்கற வரைக்கும் விடுங்கன்னு. சாரு அதிகாரியைப் போய்ப் பாத்து, வெட்டறதை அந்தக் கோடியிலேருந்து ஆரம்பிக்க வெச்சாரு. பொக்லைன் சத்தம் தெனம் கொஞ்சம் கிட்ட வரும். அந்தம்மா தெனம் கொஞ்சம் நெய்யும். எது மொதல்ல வந்து சேரும்னு கால்வாய்க் கரையில எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க. புடவைதான் மொதல்ல எறங்கிச்சு. சாரு அதிகாரிகிட்ட வேற எதையும் கேக்கல, அந்தம்மாவுக்கு யாரும் எதுவும் குடுக்கவும் இல்ல.

தறியைக் கழட்டற அன்னிக்கு நான் போயிருந்தேன். கௌஸ் பாயும் பலகையைத் தாண்டி வந்தாரு, கையில ஸ்பேனர் பை. ரூமு தப்பிச்ச சேதி கேட்ட அன்னிக்கு அவரு வீட்ல சத்தமே இல்ல. இனிப்பு குடுக்கல, சிரிக்கல. கொழந்தை அழுதா கூட ஜன்னலைச் சாத்தினாங்க. இப்ப வந்து, மரத்துல இறுகிப் போன போல்ட்டை எல்லாம் ஒண்ணு ஒண்ணா எண்ணெய் விட்டுக் கழட்டினாரு. எதையும் உடைக்கல. அந்தம்மா எந்த மரம் எங்க போவும்னு சாக்பீஸ்ல குறி போட்டுக்கினே இருந்துது. நான் தூக்கினேன். தூக்கும்போது இடுப்பு புடிச்சிக்கிச்சு, அதையும் பெரிய தியாகமா ரெண்டு மாசம் ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தேன்.

புது எடம் நம்ம தெருவுல கெடைச்சுது. பெரிய காஞ்சிபுரத்துல வாடகை கேட்டா மயக்கம் வரும், எங்க வீட்டு வரிசையில ஒரு ஓட்டு வீடு காலியா இருந்துது, நான்தான் கௌஸ் பாய் வழியா சேதி அனுப்பினேன். நேர்ல சொன்னா வராதுன்னு தெரியும். குழி வெட்டி, தறி எறக்கி, ஆடி போயி ஆவணி வந்தப்ப தடக்கு தடக்குன்னு சத்தம் கேக்க ஆரம்பிச்சுது.

ஆனா என்னோட பேச்சு கெடையாது. தண்ணி லாரி வரிசையில எனக்கு முன்னாடி நிக்கும், திரும்பாது. சாரு ஒரு தடவை வந்தாரு, அவருக்கு மோர் குடுத்துச்சு. உள்ள உக்கார வெச்சுது. எனக்கு வாசல். சார்கிட்ட கேட்டேன், தப்பு உங்களுது, மோர் உங்களுக்கு, எனக்கு ஏன் சார் வாசல்னு. பெயிண்ட் அடிச்ச கை உங்க கைதானே ஏழுமலைன்னாரு. அந்தப் பெயிண்ட் கௌஸ் பாய் சுவத்துல அடிச்சது சார், அந்தம்மா சுவத்துல இல்லியேன்னேன். அதுவா ஏழுமலை, சர்க்கரை தின்னது எத்தினி பங்குன்னு கேட்டாரு. சாரு அடிச்ச ஒரே ஜோக்கு அதுதான். நான் சிரிக்கல.

ஒரு வருஷத்துக்கு மேல அப்படியே ஓடிச்சு. நானும் எத்தினியோ வேஷம் போட்டுப் பாத்தேன். அது தறி சத்தத்தை ஒசத்திக்கும். அப்பால எப்படி பேசிச்சுன்னா, ஒரு நாள் காலையில மழை வர்ற மாதிரி இருந்துது, அந்தம்மா வாசல்ல நின்னுக்கினு மேலயே பாத்துக்கினு இருந்துது. நானும் சும்மா இருக்காம வானத்தைப் பாத்து, இன்னிக்கு அதுக்கு ஒரு வானம் நமக்கு ஒரு வானம்னு...

இரு இரு. யாரோ கூப்புடறாங்க.

"ஏம்பா ஏழுமலை, போன்ல கதை சொன்னது போதும். தறிக்குப் பாவு நூலைத் தெருவுல நீட்டி வெச்சிக்கினு நிக்கறேன், வெயில் ஏறுது. அந்தக் கோடியில கோல் புடிக்க ஒரு ஆளு கொறையுது. வந்து நேரா நில்லு."

சரோஜம்மாதான். வரேம்மா, வந்துட்டேன்.